பத்துப் பைசா சோடா விற்ற பையனும் நம்ம பிள்ளைகளும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள். பந்து விளையாட்டில் ஆர்வம் இல்லாதவர்களும் வாசிக்கலாம். கோலைவிட சம்பளத்தைப் பற்றித்தான் இதில் அதிகம் இருக்கிறது.

'பிகில்' படம் பார்க்காத வீடு நம்ம பக்கத்தில் குறைவு. அதில் அலெக்ஸ் என்ற ரவுடியாக ஒருவர் வருவார். 'திமிரு' படத்திலும் வில்லன் அவர்தான். போன மாதம் பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் முடிந்து மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. "அந்த ஆள் யார் தெரியுமா?" என்று கேட்டேன். "வில்லன், டீச்சர்" என்றார்கள். "அவர் இந்திய உதைபந்தாட்ட அணிக்கே கப்டனாக இருந்தவர்" என்றேன். பின் வரிசையிலிருந்து ஒருவன், "சும்மா சொல்றீங்க டீச்சர்" என்றான். முழு வகுப்பும் சிரித்தது.

சும்மா சொல்லவில்லை. அவர் பெயர் ஐ.எம்.விஜயன். கேரளாவின் திருச்சூர்க்காரர். 1969இல் பிறந்தவர். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே தெரியும். வாப்பாவுக்குப் பந்து என்றால் உயிர். டன்பார் மைதானத்தில் மேட்ச் என்றால் கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் போவார், சில நாள் என்னையும் கூட்டிப்போவார். பேப்பரில் இந்திய அணியின் செய்தி வந்தால் வெட்டி வைப்பார். அப்படித்தான் எனக்கு இந்தக் கதை பழக்கம்.

விஜயனின் குடும்பம் ஏழைக் குடும்பம். அப்பா ஒரு விபத்தில் சீக்கிரமே இறந்துபோனார். அம்மா கிடைத்த வேலையைச் செய்து பிள்ளைகளை வளர்த்தார். பையன் திருச்சூர் மாநகராட்சி மைதானத்தில் மேட்ச் நடக்கும் நாட்களில் சோடா விற்றான். ஒரு போத்தலுக்குப் பத்துப் பைசா கிடைக்கும். படிப்பு தொடரவில்லை. இது வரைக்கும் இந்தக் கதை நமக்குப் புதிது இல்லை. நம்ம லயங்களில் வீட்டுக்கு வீடு இருக்கிற கதைதான்.

ஆனால் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். அவன் சோடா விற்ற இடம் மைதானம். பஸ் ஸ்டாண்டில் விற்றிருந்தால் சோடாக்காரனாகவே பெரியவனாகி இருப்பான். மைதானத்தில் விற்றதால் நல்ல ஆட்டக்காரர்களின் ஆட்டத்தைக் காசு கொடுக்காமல் பார்த்தான். ஆள் இல்லாத நேரத்தில் அதே புல்லில் தானும் பந்தை உதைத்தான். பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துப் பழக்கும் பயிற்சி முகாம் ஒன்றும் அந்த ஊரில் இருந்தது. டி.கே.சாத்துண்ணி என்ற பயிற்றுநரின் கண்ணில் அவன் அங்கேதான் பட்டான்.

அடுத்து நடந்ததுதான் இந்தப் பதிவின் மையம்.

அந்தக் காலத்தில் கேரள பொலிஸில் ஒரு உதைபந்தாட்ட அணியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதைய பொலிஸ் தலைவர் எம்.கே.ஜோசப் அதில் மிகவும் அக்கறையாக இருந்தார். மாநிலத்தில் நல்லா ஆடுகிற பையன்களைத் தேடிப் பிடித்தார்கள். விஜயனை எடுத்தபோது அவருக்கு வயது 17. எந்தச் சிபாரிசும் இல்லாத, அப்பா இல்லாத, சோடா விற்ற பையன். அவன் காலில் இருந்த ஆட்டம் மட்டும்தான் அவனுடைய சான்றிதழ்.

பொலிஸ் அணி என்றால் என்ன? காலையில் பயிற்சி. மாதம் முடிந்தால் சம்பளம். காயம் பட்டு உட்கார்ந்தாலும் சம்பளம். வீட்டில் அம்மா அடுப்புப் பற்ற வைப்பதற்கு, பையன் ஞாயிற்றுக்கிழமை கோல் போட்டானா இல்லையா என்று பார்க்கத் தேவையில்லை.

அந்த அணியில் விஜயனோடு வி.பி.சத்யன், சரஃப் அலி, பாப்பச்சன், குரிகேஷ் மாத்யூ என்று பெரிய ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். 1990இல் திருச்சூரில் நடந்த ஃபெடரேஷன் கிண்ணத்தை கேரள பொலிஸ் வென்றது. கேரளத்துக் கழகம் ஒன்று அந்தக் கிண்ணத்தைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. விஜயன் சோடா விற்ற ஊரிலேயே அது நடந்தது. அடுத்த வருடம், 1991இல், கண்ணூரில் மறுபடியும் வென்றார்கள். கோவாவின் கழகங்களும் கல்கத்தாவின் கழகங்களும் ராஜாங்கம் நடத்திய காலத்தில் ஒரு பொலிஸ் அணி இதைச் செய்தது.

அதற்குப் பிறகு விஜயனின் பயணத்தைப் பாருங்கள். 1991இல் கல்கத்தாவின் மோகன் பகான் கழகம் அழைத்தது, போனார். அடுத்த வருடம் பொலிஸுக்குத் திரும்பினார். மறுபடியும் மோகன் பகான். பிறகு பஞ்சாபில் பக்வாரா என்ற ஊரில் இருக்கும் ஜே.சி.டி. துணி ஆலையின் அணி. பிறகு கொச்சியில் புதிதாகத் தொடங்கிய எஃப்.சி. கொச்சின். மறுபடியும் மோகன் பகான், மறுபடியும் கொச்சின். ஈஸ்ட் பெங்கால். திரும்பவும் ஜே.சி.டி. கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ். கடைசியில் இன்னொரு தரம் ஈஸ்ட் பெங்கால். ஏறக்குறைய 20 வருடங்களில் ஆறு கழகங்கள், அதிலும் போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனது வேறு. கேரளாவில் மலையாளம், கல்கத்தாவில் வங்காளம், பக்வாராவில் பஞ்சாபி. மொழி தெரியாத ஊர், பழகாத சாப்பாடு, பனிக்குளிர்.

"ஒரு இடத்தில் நிற்க மாட்டானா?" என்று அந்தக் காலத்தில் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். நம்ம ஊரிலும் அப்படித்தானே கேட்கிறோம்? ஒருத்தன் கொழும்பில் ஒரு கடை மாறினால், அங்கிருந்து கட்டாருக்குப் போனால், திரும்பி வந்து ஹட்டனில் ஆட்டோ ஓட்டினால், "நிலையில்லாதவன்" என்று பட்டம் கட்டிவிடுகிறோம். உழைப்பை விற்றுப் பிழைக்கிறவன், உழைப்புக்கு விலை இருக்கிற இடத்துக்குத்தான் போவான். நம்ம பூட்டன், பூட்டி கப்பலேறி வந்ததும் அப்படித்தான். கோல் போடுவதும் ஒரு தொழில். முழங்கால் தாங்கும் வரைக்கும்தான் அந்தத் தொழிலுக்கு ஆயுள்.

இடம் மாறினாலும் அவருடைய ஆட்டம் மாறவில்லை. 1996-97இல் இந்தியாவில் முதன்முதலாகத் தேசிய லீக் நடந்தபோது அதை வென்றது ஜே.சி.டி. அந்த அணியின் முன்வரிசையில் விஜயனும் பைச்சுங் பூட்டியாவும் ஆடினார்கள். 1997இல் எஃப்.சி. கொச்சின் டுராண்ட் கிண்ணத்தை வென்றது, கேரளத்துக்கு அதுவும் முதல் தடவை. இந்தியாவின் ஆண்டின் சிறந்த வீரர் விருது 1993, 1997, 1999 என்று மூன்று தரம் அவருக்கே கிடைத்தது. 1999 தெற்காசிய விளையாட்டு விழாவில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி 12ஆவது செக்கனில் ஒரு கோல் போட்டார். 12 செக்கன்! நம்ம வகுப்பில் பதிவேட்டை விரிப்பதற்கே அதைவிட நேரம் எடுக்கும். கல்கத்தாக்காரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'கறுப்பு மான்'.

நம்ம நாட்டுப் பெருமையையும் இடையில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பையன்கள் கோபிப்பார்கள். விஜயனின் காலத்து இந்தியா தெற்காசியக் கிண்ணத்தை 1993, 1997, 1999இல் வென்றது. இடையில் 1995இல் மட்டும் வெல்லவில்லை. அந்த வருடம் கொழும்பு சுகததாஸ மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில், மேலதிக நேரத்தில் போட்ட ஒரே கோலால் இந்தியாவைத் தோற்கடித்தது நம்ம இலங்கை அணி. அந்தக் கிண்ணம் நமக்குக் கிடைத்த ஒரே தடவையும் அதுதான்.

2003இல் ஹைதராபாத்தில் ஆபிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. விஜயனுக்கு அப்போது 34 வயது. இறுதிவரை இந்தியா வந்து உஸ்பெகிஸ்தானிடம் தோற்றது. அந்தப் போட்டியில் நான்கு கோல்கள் போட்டு அதிக கோல் அடித்தவராக வந்தது விஜயன். அதோடு இந்திய அணியிலிருந்து விடைபெற்றார். அதே வருடம் அர்ஜுனா விருது கிடைத்தது.

கழக ஆட்டமும் ஓய்ந்த பிறகு என்ன செய்தார்? சினிமாவில் நடித்தார், அதுதான் நம்ம பிள்ளைகளுக்குத் தெரியும். தெரியாதது இது: அவர் மறுபடியும் கேரள பொலிஸுக்கே வந்தார். மலப்புரத்தில் இருக்கும் மலபார் சிறப்புப் பொலிஸ் படையில் அதிகாரியாக இருந்து 2025இல் ஓய்வு பெற்றார். அதே 2025இல்தான் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது. 17 வயதில் எந்தக் கதவு வழியாக உள்ளே போனாரோ, அதே கதவு வழியாக ஓய்வூதியத்தோடு வெளியே வந்தார்.

இடையில் அவர் ஆடிய இடங்களைப் பாருங்கள். எஃப்.சி. கொச்சின் பணமில்லாமல் சில வருடங்களிலேயே மூடிப்போனது. தேசிய லீக்கை வென்ற ஜே.சி.டி. அணியும் 2011இல் கலைக்கப்பட்டது. கிண்ணம் வென்ற கழகங்களே இல்லாமல் போய்விட்டன. அந்தப் பையனை முதலில் எடுத்த உத்தியோகம் மட்டும் நின்றது.

உத்தியோகம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மேலே வி.பி.சத்யன் என்று ஒரு பெயர் சொன்னேன் இல்லையா? கண்ணூர்க்காரர், தடுப்பாட்டக்காரர், அவரும் இந்திய அணியின் கப்டனாக இருந்தவர். விஜயனோடு பொலிஸ் அணியில் ஆடியவர். பிறகு சென்னையில் இந்தியன் வங்கியில் வேலையில் இருந்தார். காயங்கள் அவரை விடவில்லை. ஆட்டம் போன பிறகு மனம் தேறவில்லை. 2006 ஜூலையில், 41 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவர் கதையை 'கேப்டன்' என்று மலையாளத்தில் படமாகவும் எடுத்தார்கள். சம்பளம் சோறு போடும். ஆடிக்கொண்டிருந்தவன் ஆடமுடியாமல் போகும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேச மனுசர் வேண்டும். பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்புகிற நாம் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது இன்னொரு ஆளைப் பார்ப்போம். கொஞ்சம் தூரம், இத்தாலி. அங்கே பொலிஸ் அணி மாதிரி ஒன்று இல்லாமலேயே ஒரு தொழிலாளி எப்படி மேலே வந்தான் என்பதற்காக இவரைச் சொல்கிறேன்.

பெயர் டாரியோ ஹூப்னர். 1967இல் இத்தாலியின் வடகிழக்கு மூலையில், திரியெஸ்தே நகருக்குப் பக்கத்தில் முஜ்ஜா என்ற சின்ன ஊரில் பிறந்தவர். இளவயதில் பட்டறை வேலை. அலுமினிய யன்னல் சட்டம் பொருத்துகிற தொழில். பெரிய கழகங்களின் பயிற்சிப் பள்ளி எதிலும் வளர்ந்தவர் இல்லை. வேலை முடிந்த நேரத்தில் ஊர் அணியில் ஆடியவர். 20 வயதில் பியெவிஜினா என்ற சின்னக் கழகம் எடுத்தது. பிறகு பெர்கொக்ரேமா, ஃபானோ, செசேனா, பிரேசியா, பியசென்சா, அங்கோனா, பெரூஜா, மந்தோவா என்று ஊர் ஊராகப் போனார். மிலான், யுவென்டஸ், இன்டர் என்று நம்ம பையன்கள் ஜேர்சியில் போடுகிற பெயர் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

இத்தாலியில் லீக் மாடிப்படி மாதிரி. உச்சியில் சீரி ஏ, அதற்குக் கீழே பி, அதற்குக் கீழே சி, அதற்கும் கீழே ஊர் அணிகள். ஹூப்னர் ஒவ்வொரு படியாக ஏறினார். 1991-92இல் மூன்றாம் பிரிவில் ஃபானோவுக்கு ஆடி அதிக கோல் அடித்தவர் ஆனார். 1995-96இல் இரண்டாம் பிரிவில் செசேனாவுக்கு 22 கோல், அங்கேயும் முதலிடம். உச்சிப் பிரிவில் அவர் முதல் ஆட்டம் ஆடியபோது வயது 30. 1997 ஆகஸ்ட் 31, மிலான் நகரின் சான் சீரோ மைதானம், எதிரணி இன்டர். உலகத்திலேயே விலை கூடிய ஆட்டக்காரரான பிரேசிலின் ரொனால்டோ இன்டருக்கு ஆடிய முதல் லீக் ஆட்டமும் அதுதான். சனம் முழுக்க ரொனால்டோவைப் பார்க்க வந்திருந்தது. முதல் கோலைப் போட்டது பட்டறையிலிருந்து வந்த ஹூப்னர். கடைசியில் இன்டர் 2-1 என்று வென்றது, அது வேறு.

பிரேசியாவில் இருந்தபோது பக்கத்தில் ஆடியவர் ரொபேர்ட்டோ பாஜியோ. 2001இல் அங்கிருந்து பியசென்சாவுக்குப் போனார். அந்த 2001-02 பருவத்தில், 35 வயதில், சீரி ஏயில் 24 கோல் போட்டு, யுவென்டஸின் ட்ரெசகேயோடு சேர்ந்து முதலிடம். அந்தக் கோல்களால் பியசென்சாவும் கீழ்ப் பிரிவுக்கு விழாமல் தப்பியது. இத்தாலியின் மூன்று பிரிவுகளிலும் அதிக கோல் அடித்தவர் என்ற பெயர் இரண்டே இரண்டு பேருக்குத்தான் உண்டு. ஒருவர் ஈகோர் புரோட்டி, மற்றவர் இவர். ஆனால் இத்தாலிய தேசிய அணிக்கு ஒரே ஒரு ஆட்டம்கூட இவர் ஆடவில்லை. 2002 உலகக் கிண்ணத்துக்கும் எடுக்கவில்லை. சிகரெட்டை விடாதவர் என்பதும் ஊருக்கே தெரிந்த கதை, பையன்கள் அதை மட்டும் படிக்க வேண்டாம். அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 40 தாண்டியும் ஊர் அணிகளில் ஆடிக்கொண்டே இருந்தார்.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று படுகிறது.

நாம் எப்போதும் திறமையைப் பற்றிப் பேசுகிறோம். "திறமை இருந்தால் முன்னுக்கு வருவான்" என்று பரிசளிப்பு விழாவில் மாலை போட்டுக்கொண்டு பேசுகிறோம். சோடா விற்ற பையன் ஜெயித்தான், பட்டறைப் பையன் ஜெயித்தான் என்று கதை சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். அவர்கள் காலுக்குக் கீழே இருந்த படிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. திருச்சூரில் ஒரு மைதானம் இருந்தது, ஒரு பயிற்றுநர் இருந்தார், சம்பளம் கொடுத்த பொலிஸ் அணி இருந்தது. இத்தாலியில் சின்ன ஊருக்கும் ஒரு கழகம் இருந்தது, அந்தக் கழகம் சின்னச் சம்பளமாவது கொடுத்தது, நல்லா ஆடினால் மேலே போக வழி திறந்திருந்தது. 20 வயதில் கண்ணில் படாதவன் 30 வயதில் படுவதற்கு அந்தப் பத்து வருடமும் அவனுக்குச் சாப்பாடு கிடைக்க வேண்டும். படி இல்லாத இடத்தில் திறமை என்ன செய்யும்? கொஞ்ச நாள் குதித்துப் பார்க்கும், பிறகு களைத்துப்போகும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

சில நாட்களுக்கு முன் ஒரு தாய் பாடசாலைக்கு வந்தார். கொழுந்து எடுத்து முடித்து, காலில் அட்டைக் கடியோடு, நேரே வந்திருந்தார். மகன் சாதாரண தரம் எழுத இருக்கிறவன். வலய மட்டத்தில் நம்ம அணிக்கு அதிக கோல் போட்டவன். பெயர் சொல்ல மாட்டேன், தெரிந்தவர்களும் தயவுசெய்து இங்கே எழுத வேண்டாம்.

"டீச்சர், இவன் புட்போல் புட்போல்னே கெடக்கிறான். கொழும்புல எங்க ஆளு ஒருத்தரு கடையில வேலை பார்த்து வச்சிருக்காரு. சாப்பாடு, தங்க எடம் எல்லாம் உண்டாம். சோதனை எழுதி என்னத்தக் கிழிக்கப் போறான்? அனுப்பிடவா?"

அவர் முட்டாள்தனமாகக் கேட்கவில்லை. வீட்டில் பேர் விழுவது அவர் ஒருவருக்குத்தான். கொழுந்து கிலோ குறைந்தால் முழுப் பேர் விழாது, அரைப் பேர்தான். அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் "பிள்ளையைப் படிக்க வையுங்கள்" என்று புத்தி சொல்வது சுலபம். கொழும்புக் கடை வேலையும் கேவலமில்லை. அங்கே நின்று உழைத்துத் தம்பி தங்கச்சியைக் கரையேற்றிய அண்ணன்மார் எத்தனை பேர் நம்ம ஊரில் இருக்கிறார்கள். இதை வாசிக்கிறவர்களிலும் இருக்கிறீர்கள்.

நான் அந்தத் தாயிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அக்கா, வேலையா பந்தா என்று பிரித்துக் கேட்காதீங்க. விஜயன்னு ஒருத்தருக்கு வேலைக்குள்ளேயே பந்து இருந்தது. நம்ம நாட்டிலும் அப்படி வேலை இருக்கு. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் எல்லாத்துக்கும் உதைபந்தாட்ட அணி உண்டு. அதுக்குள்ள போகணும்னா முதல்ல சாதாரண தரச் சான்றிதழ் கேப்பாங்க. அது இல்லாம எத்தனை கோல் போட்டாலும் வாசல்லயே நிப்பாட்டிடுவாங்க. பரீட்சை முடியட்டும். கடை அங்கேயே இருக்கும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. "பார்க்கிறேன் டீச்சர்" என்று போய்விட்டார். பையன் இன்றைக்கும் பாடசாலைக்கு வந்தான். அடுத்த கிழமை வருவானா என்று எனக்குத் தெரியாது. இப்போதைக்கு நிலைமை அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தாயிடம் நான் சொன்ன வார்த்தைக்குப் பின்னால் நாம் எல்லாரும் நிற்க வேண்டும். நான் மட்டும் சொன்னால் அது வெறும் டீச்சர் பேச்சு. ஆகவே சில விசயங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, சான்றிதழ். நம்ம பிள்ளைகள் வலய மட்டத்திலும் மாகாண மட்டத்திலும் ஆடிவிட்டு, கிடைத்த சான்றிதழை லயத்துக் கூரை ஒழுக்கில் நனைய விடுகிறார்கள். வேலைக்கும் அது தேவை. உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகத் தகுதி இருந்தும் வெட்டுப்புள்ளி போதாதவர்களுக்கு, தேசிய மட்டத்தில் விளையாட்டில் விசேட திறமை காட்டியிருந்தால் சிறப்பு அனுமதி என்று ஒரு வழி இருக்கிறது. எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? உங்கள் பக்கத்து வீட்டில் ஆடுகிற பிள்ளை இருந்தால் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். போட்டோக் கொப்பி எடுத்து எங்களிடமும் ஒன்று தாருங்கள், நாங்கள் கோவையில் வைக்கிறோம்.

இரண்டாவது, பஸ் காசு. நோர்வூட் மைதானத்துக்கு மேட்சுக்குப் போகிற அன்றைக்கு, ஆடத் தெரிந்த பிள்ளை வராமல், காசு இருக்கிற பிள்ளை வருகிற நாட்கள் இருக்கின்றன. சப்பாத்தும் அப்படித்தான். ஒருவன் முதல் பாதி ஆடிவிட்டுக் கழற்றிக் கொடுக்க, மற்றவன் இரண்டாம் பாதிக்குப் போட்டுக்கொள்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பழைய மாணவர்கள் வருடத்துக்கு ஒரு தரம் சுற்றுப்போட்டி வைத்துப் பெரிய கேடயம் கொடுப்பது நல்லதுதான். அந்தக் கேடயத்தின் விலையில் பாதியை வருடம் முழுவதற்குமான பஸ் காசாக மாற்ற முடியுமா என்று யோசியுங்கள்.

மூன்றாவது, ஆள். பொலிஸிலும் படைகளிலும் இருக்கிற நம்ம ஊர்ப் பையன்கள் இதை வாசித்தால், லீவில் வரும்போது ஒரு நாள் பாடசாலைக்கு வாருங்கள். எப்போது ஆள் எடுக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், உயரம் எவ்வளவு, ஓட்டம் எவ்வளவு என்று பிள்ளைகளிடம் நேரில் சொல்லுங்கள். நான் பத்துப் பாடத்தில் சொல்வதைவிட நீங்கள் உடுப்போடு வந்து பத்து நிமிசம் சொல்வது பிள்ளைகளின் மனதில் நிற்கும்.

நான்காவது, பொம்பிளைப் பிள்ளைகள். 'பிகில்' படமே பெண் பிள்ளைகளின் அணியைப் பற்றியதுதானே. அந்த வகுப்பில் சிரிப்பு அடங்கிய பிறகு முன் வரிசைப் பிள்ளை ஒன்று கேட்டது, "டீச்சர், பொலிஸ்ல எங்களையும் எடுப்பாங்களா?" என்று. பொலிஸிலும் படைகளிலும் பெண்களையும் எடுக்கிறார்கள் என்று சொன்னேன். ஆனால் அந்தப் பிள்ளை ஆடுவதற்கு நம்ம பக்கத்தில் பின்னேரம் மைதானத்தில் இடம் விடுகிறார்களா என்று அது திருப்பிக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அதற்குப் பதிலாக நான் உங்களிடம் கேட்கிறேன், அண்ணன்மாரே, நானாமாரே.

கடைசியாக ஒன்று. எல்லாப் பிள்ளையும் விஜயன் ஆகப்போவதில்லை, ஹூப்னரும் ஆகப்போவதில்லை. ஆக வேண்டிய அவசியமும் இல்லை. கேரள பொலிஸ் அணியில் விஜயனோடு ஆடி, பெயர் வெளியே தெரியாமல், சேவை முடித்து, ஓய்வூதியம் எடுத்து, பேரப்பிள்ளைகளோடு இருக்கிற எத்தனையோ பேர் இருப்பார்கள். இத்தாலியின் மூன்றாம் பிரிவிலேயே பத்து வருடம் ஆடி வீடு கட்டியவர்கள் இருப்பார்கள். நம்ம மலையில் இருந்து அப்படி வருடத்துக்கு இரண்டு பேர், ஆடிய ஆட்டத்தால் ஒரு நிரந்தர வேலைக்குள் போனால் போதும். அவர்கள் வீட்டு அடுப்பு அணையாது. அடுத்த பையனுக்கும் அந்தப் பாதை தெரியும்.

இந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாடசாலைக் கோவையை எடுத்து வைத்துப் பிள்ளைகளின் பெயர், ஆடிய போட்டி, சான்றிதழ் என்று ஒரு பட்டியல் எழுதப்போகிறோம். கையெழுத்து நல்லா உள்ள இரண்டு மூன்று பேர் வந்தால் உதவியாக இருக்கும். டீயும் ரொட்டியும் சம்பலும் என் பொறுப்பு.

வஸ்ஸலாம். வணக்கம்.